ஆயர் ஆண்ட நாடுகள் டியூக் நாடுகளான அதிசயம் தெரியுமா?

பிறந்து ஆறே மாதமான கைக்குழந்தை ஒன்று ஜெர்மனியில் ஆயராகி, ஒரு நாட்டுக்கே அதிபதியானது தெரியுமா? விளையாட்டில்லை! 1764 பிப்ரவரி 27 அன்று ஆஸ்னாப்ரூக் நாட்டின் ஆயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் இரண்டாவது மகன் ஃபிரடெரிக். அவர் பிறந்தது 1763 ஆகஸ்ட் 16. பால்பல் முளைக்கும் வயதில் ஒரு நாடு, ஒரு கருவூலம், ஒரு ஆயர் பட்டம்! பின்னாளில் யார்க் டியூக் என்ற பெயரோடு பிரிட்டிஷ் ராணுவத்துக்கே தலைமைத் தளபதியானவர் இவர்தான்.

அதே ஆஸ்னாப்ரூக்கில் நூறு ஆண்டு முன்னால் போய்ப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. அங்கே ஆயருக்கு மனைவி உண்டு, வீடு நிறையப் பிள்ளைகள் உண்டு! எர்ன்ஸ்ட் ஆகஸ்ட் என்ற அந்த புராட்டஸ்டன்ட் ஆயரின் மகள், 1668-ல் ஆயரின் இபுர்க் கோட்டையிலேயே பிறந்தவள், பிரஷ்யாவின் முதல் ராணியானாள். மூத்த மகனோ இங்கிலாந்தின் முதலாம் ஜார்ஜ் மன்னர்! அவர் 1727-ல் கடைசி மூச்சை விட்டதும் ஆஸ்னாப்ரூக் ஆயரின் அரண்மனையில்தான். அப்போது அங்கே ஆயராக இருந்தவர் அவருடைய சொந்தத் தம்பி.

தலை சுற்றுகிறதா? சுற்றட்டும். அந்தக் காலத்து ஜெர்மனி ஒரே நாடல்ல. புனித ரோமானியப் பேரரசு என்ற பெரிய குடையின்கீழ் நூற்றுக்கணக்கான குட்டி நாடுகள். அவற்றில் பல, ஆயர்களும் மடாதிபதிகளும் ஆண்டவை. ஆயர் என்றால் பூசை வைத்து ஆசி கொடுத்துவிட்டுப் போகிறவர் என்று எண்ணிவிடாதீர்கள். வரி வாங்குவார், நாணயம் அடிப்பார், படை நடத்துவார், மரண தண்டனையும் விதிப்பார். பேரரசின் மன்றத்தில் அவருக்கு டியூக்குக்குச் சமமான இருக்கை உண்டு. ஒன்றே ஒன்றுதான் அவரால் முடியாது. நாட்டைத் தன் மகனுக்கு எழுதிவைக்க முடியாது! கத்தோலிக்க ஆயருக்குத் திருமணமே கிடையாதே! அவர் கண்ணை மூடியதும் பேராலயத்துக் குருமார் சபை கூடி அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும். ஆயர் நாட்டுக்கும் டியூக் நாட்டுக்கும் இடையே இருந்த வித்தியாசம் அவ்வளவுதான்: ஒரு கல்யாணம், ஒரு வாரிசு!

இந்த முடிச்சை முதலில் அவிழ்த்தவர் யார் தெரியுமா? போர்த் துறவிகளின் சபையான டியூட்டானிக் ஆணையத்தின் தலைவர் ஆல்பிரெக்ட். பால்டிக் கரையில் பிரஷ்யாவை ஆண்டது இந்தத் துறவிப்படை. ஆல்பிரெக்ட் விட்டன்பெர்க் போய், புராட்டஸ்டன்ட் மதத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூத்தரிடமே யோசனை கேட்டார். லூத்தர் சுற்றி வளைக்கவில்லை: துறவு உடையைக் கழற்று, கல்யாணம் செய்துகொள், நாட்டை உன் குடும்பச் சொத்தாக்கு! 1525 ஏப்ரலில் ஆல்பிரெக்ட் தன் தாய்மாமனான போலந்து மன்னர் முன்னால் கிராக்கோ நகரத்தில் மண்டியிட்டு, எழுந்தபோது டியூக். அடுத்த ஆண்டே டென்மார்க் இளவரசியோடு திருமணம். துறவிகளின் நாடு ஒரே நாளில் டியூக் நாடு!

வழி தெரிந்துவிட்டது. இனி எல்லா ஆயரும் இதையே செய்யக் கிளம்பிவிட்டால்? கத்தோலிக்கர் பக்கம் பயந்தே போனார்கள். 1555-ல் ஆக்ஸ்புர்க் சமாதானத்தில் ஒரு பூட்டுப் போட்டார்கள்: எந்த ஆயர் புராட்டஸ்டன்ட்டாக மாறினாலும் சரி, பதவியை விட்டு இறங்கிவிட வேண்டும், நாடு கத்தோலிக்கமாகவே இருக்கும்.

அந்தப் பூட்டை உடைக்கப் பார்த்தது ஒரு காதல்! கொலோன் பேராயர் கெப்ஹார்ட், மான்ஸ்ஃபெல்ட் குடும்பத்துப் பெண் ஆக்னஸ் மீது மனதைப் பறிகொடுத்தார். ஆக்னஸும் ஒரு கன்னியர் மடத்தைச் சேர்ந்தவர்தான். 1582-ன் முடிவில் பேராயர் மதம் மாறியதாக அறிவித்தார். 1583 பிப்ரவரி 2-ல் பான் நகரத்தில் திருமணம். பதவியை விடமாட்டேன், கொலோனையே குடும்ப நாடாக்கிவிடுகிறேன் என்று நின்றார் மனிதர். இதில் ஏன் ஐரோப்பாவே கலங்க வேண்டும்? பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உள்ளவர்கள் மொத்தம் 7 பேர். அவர்களில் 3 பேர் ஏற்கெனவே புராட்டஸ்டன்ட்டுகள். கொலோனும் அந்தப் பக்கம் போனால் 4! பேரரசே கை மாறிவிடும்! போப்பாண்டவர் கெப்ஹார்டைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். பவேரிய வம்சத்து எர்ன்ஸ்ட் புதிய பேராயரானார். ஐந்து ஆண்டுகளுக்குமேல் போர். கொலோன் நாட்டு ஊர்கள் எரிந்தன. கெப்ஹார்ட் தோற்றார்; ஸ்ட்ராஸ்புர்க்கில் ஒதுங்கி வாழ்ந்து 1601-ல் இறந்தார். ஜெயித்த பவேரியர்களைப் பாருங்கள்: 1583 முதல் 1761 வரை ஒருவர் விடாமல் கொலோன் பேராயர்கள் அத்தனை பேரும் அதே குடும்பம்! அதிகாரப்பூர்வமாக அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகவில்லை, பெரும்பாலும் சிற்றப்பா, பெரியப்பாவிடமிருந்து சகோதரர் மகனுக்குப் போனது, அவ்வளவுதான். என்னைக் கேட்டால், கல்யாணம் செய்து தோற்ற கெப்ஹார்டைவிட, கல்யாணமே செய்யாமல் பரம்பரைச் சொத்தாக்கிய இவர்கள்தான் கெட்டிக்காரர்கள்.

வடக்கே இருந்தவர்கள் வேறு தந்திரம் செய்தார்கள். ஆயர் என்று சொன்னால்தானே பூட்டு? "நிர்வாகி" என்று வைத்துக்கொள்வோம்! லூத்தரன் இளவரசர்கள் நிர்வாகி என்ற பெயரில் ஆயர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். மணம் முடித்தார்கள், பிள்ளை பெற்றார்கள், வரி வாங்கினார்கள். குருமார் சபையும் லூத்தரனாகிவிட்டதால் கேட்க ஆளில்லை.

இப்படிப்பட்ட நாடுகளில் ஒன்றுதான் பிரேமென். வைக்கிங்குகளுக்கெல்லாம் வேதம் சொல்லப் போன பேராயர்களின் பழைய நாடு. அந்தப் பேராலயத்துப் பள்ளி ஆசிரியர் ஆதாம் என்பவர் 1070-களில் எழுதிய வரலாற்றில், வடகடலுக்கு அப்பால் திராட்சை விளையும் வின்லாந்து என்ற தேசம் இருப்பதாகக் குறித்துவைத்தார். அது எந்தத் தேசம் தெரியுமா? வட அமெரிக்கா! கொலம்பஸ் கப்பலேறுவதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்னால், ஒரு ஜெர்மன் தேவாலய ஆசிரியரின் ஏட்டில் அமெரிக்கா!

பிரேமெனின் கடைசி நிர்வாகி ஒரு டேனிஷ் இளவரசர். 1645-ல் ஸ்வீடன் படை நுழைந்து அவரை விரட்டியது. முப்பதாண்டுப் போரை முடித்த 1648 வெஸ்ட்ஃபேலியா உடன்படிக்கையில் பிரேமென் பேராயர் நாடும் பக்கத்து ஃபெர்டென் ஆயர் நாடும் டியூக் நாடுகளாக்கப்பட்டு ஸ்வீடனுக்குத் தரப்பட்டன. நாட்டை இழந்த அந்த நிர்வாகி நொந்துபோய் வீட்டில் உட்கார்ந்திருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? அதே 1648-ல் அவர் மூன்றாம் ஃபிரடெரிக்காக டென்மார்க் மன்னரானார்! புதிய பிரேமென் சீமாட்டி யார்? ஸ்வீடன் ராணி கிறிஸ்டினா, வயது 21. பேராயர் நாட்டைப் பேராயர் இல்லாத நாடாக்கிய உடன்படிக்கையின் பலன் அவர் கைக்கு வந்தது. ஆறே ஆண்டில் அவர் முடியைத் துறந்து, கத்தோலிக்கராகி, ரோமுக்குக் குடிபெயர்ந்தார். இன்று புனித பேதுரு பேராலயத்தில், போப்பாண்டவர்களின் கல்லறைகளுக்கு நடுவே உறங்குகிறார்!

பிரேமென் டியூக் நாட்டின் பெரிய வேடிக்கையை இன்னும் சொல்லவில்லையே. அந்த டியூக் நாட்டில் பிரேமென் நகரமே கிடையாது! நாங்கள் பேரரசருக்கு நேரடியாகக் கட்டுப்பட்ட சுதந்திர நகரம் என்று பிரேமென் வணிகர்கள் 1646-லேயே பேரரசரிடம் பட்டயம் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஸ்வீடன் 1654-லும் 1666-லும் படையெடுத்துப் பார்த்தது. நகரம் மசியவில்லை. ஷ்டாடே என்ற சிற்றூர்தான் தலைநகரம். ஆனால் நகரத்தின் நட்டநடுவே நிற்கும் பேராலயம் மட்டும் பழைய பேராயர் சொத்து என்பதால் டியூக்குக்குச் சொந்தம்! நகர மன்றத்திலிருந்து எட்டி நடந்தால் வேற்று நாட்டு மண்! நகரத்தார் கால்வினிய மதம், பேராலயம் லூத்தரன் மதம். இந்த விசித்திரம் 1803 வரை நீடித்தது. அந்தப் பேராலயப் பகுதிக்கு அதிகாரியாக 1790-களில் இருந்தவர், மனிதர்களோடு எப்படிப் பழக வேண்டும் என்று 1788-ல் புத்தகம் எழுதிப் புகழ்பெற்ற கினிகே பிரபு. இரண்டு மதத்தாரோடும் இரண்டு அரசுகளோடும் தினம் பழக வேண்டிய வேலைக்கு வேறு யாரைப் போடுவது? அவர் கல்லறையும் அந்தப் பேராலயத்திலேயே இருக்கிறது. கீழே நிலவறையில் யாரும் பாடம் செய்யாமலே தானாக உலர்ந்துபோன மனித உடல்கள் வேறு!

ஷ்டாடேயில் ஸ்வீடன் சார்பாக அரசாண்ட முதல் ஆளுநர் தளபதி கோனிக்ஸ்மார்க். இவரையும் இவர் குடும்பத்தையும் விட்டுவிட்டு நகர எனக்கு மனமில்லை. சினிமாக்காரர் எழுதினால்கூட நம்பமாட்டார்கள், அப்படியொரு குடும்பம்! முப்பதாண்டுப் போரின் கடைசிக் கொள்ளையே இவருடையதுதான். 1648 ஜூலையில் பிராக் நகரத்தின் ஒரு பாதியைப் பிடித்து, பேரரசரின் கலைச் சேகரிப்பை வாரிக்கொண்டு போனது இவர் படை. அந்த வாரலில் சிக்கியதுதான் "சாத்தானின் பைபிள்" என்று பெயர்பெற்ற ராட்சத ஏட்டுப் புத்தகம். எடை 75 கிலோ! ஒரு முழுப் பக்கத்துக்குச் சாத்தானின் படம்! இன்றும் அது ஸ்டாக்ஹோம் தேசிய நூலகத்தில்தான் இருக்கிறது. போரில் சேர்த்த பணத்தில் ஷ்டாடே அருகே மாளிகை கட்டி, மனைவி ஆகத்தா பெயரை வைத்தார். ஆகத்தன்புர்க் என்று ஊரே இன்றும் அவர் மனைவி பெயரில்தான் வழங்குகிறது.

பேரன் ஃபிலிப் கிறிஸ்டோஃப், 1665-ல் ஷ்டாடேயில் பிறந்தவர். ஹனோவர் அரண்மனையில் வேலைக்குப் போன இடத்தில், இளவரசர் கியோர்க் லுட்விக்கின் மனைவி சோஃபியா டோரோத்தியாவோடு காதல். 1694 ஜூலை தொடக்கத்தில் ஓர் இரவு அரண்மனைக்குள் போனார். வெளியே வரவில்லை. உடல் இன்றுவரை கிடைக்கவில்லை! சோஃபியாவை விவாகரத்துச் செய்து ஆல்டென் மாளிகையில் அடைத்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிறைவாசம். 1726-ல் அங்கேயே இறந்தார். அந்தக் கணவர் கியோர்க் லுட்விக் யார் தெரிகிறதா? நம் ஆஸ்னாப்ரூக் ஆயரின் மூத்த பிள்ளை, முதலாம் ஜார்ஜ் மன்னரேதான்! 1712-ல் டென்மார்க் பிரேமெனையும் ஃபெர்டெனையும் ஸ்வீடனிடமிருந்து பறித்தது. 1715-ல் ஜார்ஜ் அதை டென்மார்க்கிடம் விலைக்கு வாங்கினார். 1719-ல் ஸ்வீடனுக்கும் பத்து லட்சம் தாலர் வெள்ளி கொடுத்துக் கணக்கை முடித்தார். காணாமல்போன காதலனின் தாத்தா ஆண்ட நாட்டைக் காசு கொடுத்து வாங்கியவர், அந்தக் காதலியின் கணவர்! பால்டிக் கடலுக்குப் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் போவது இங்கிலாந்துக்காகவா, ஜார்ஜின் ஜெர்மன் சொத்துக்காகவா என்று லண்டனில் எதிர்க்கட்சியார் வறுத்தெடுத்தார்கள்.

பேத்தி அவ்ரோரா, காணாமல்போன சகோதரனைத் தேடி அலைந்தவள். உதவி கேட்டு ட்ரெஸ்டன் போனாள். சாக்சனி அதிபர் வலிமைமிகு ஆகஸ்ட் உதவுகிறேன் என்று சொல்லி அவளையே காதலியாக்கிக்கொண்டார்! 1696-ல் ஒரு மகன் பிறந்தான். காதல் தீர்ந்ததும் அவ்ரோரா எங்கே போனாள் தெரியுமா? க்வெட்லின்புர்க் மடத்துக்கு! பெண்களே ஆண்ட தேவாலய நாடு அது. அங்கே இரண்டாம் நிலைத் தலைவியாக இருந்து, தலைவிப் பதவிக்கும் ஆசைப்பட்டு, அது கிடைக்காமலே 1728-ல் இறந்தாள். மகன் மோரிஸ் பிற்பாடு பிரான்ஸின் மார்ஷல் ஆனார். அதற்கு முன், 1726-ல், கூர்லாந்து நாட்டுப் பிரபுக்கள் அவரைத் தங்கள் டியூக்காகத் தேர்ந்தெடுத்தார்கள். மறு ஆண்டே ரஷ்யா விரட்டிவிட்டது என்பது வேறு விஷயம்.

கூர்லாந்து எப்படி வந்த நாடு? அதுவும் துறவிப்படை நாடுதான்! லிவோனிய ஆணையத்தின் கடைசித் தலைவர் கெட்லர், பிரஷ்ய ஆல்பிரெக்ட் காட்டிய வழியிலேயே நடந்து 1561-62-ல் டியூக்கானார். இன்றைய லாட்வியாவில் ஒரு துண்டு நிலம். அந்தத் துண்டு நாட்டுக்கு ஆப்பிரிக்காவிலும் அமெரிக்காவிலும் குடியேற்றங்கள் இருந்தன! கெட்லரின் பேரன் டியூக் யாக்கோப், 1651-ல் காம்பியா ஆற்றுத் தீவில் கோட்டை கட்டினார், 1654-ல் கரீபியனில் டொபாகோ தீவுக்குக் குடியேறிகளை அனுப்பினார். 1658-ல் ஸ்வீடன் அவரையே சிறைபிடித்ததும் எல்லாம் கலைந்தது. ஆனால் டொபாகோவில் இன்று போனாலும் கிரேட் கூர்லாந்து விரிகுடாவில் குளிக்கலாம்!

இனி மாக்டெபுர்க். இந்தப் பேராயர் நாட்டின் கடன் கணக்கிலிருந்துதான் புராட்டஸ்டன்ட் மதமே கிளம்பியது என்றால் நம்புவீர்களா? 1513-ல் மாக்டெபுர்க் பேராயரான இளைஞர் ஆல்பிரெக்ட் (பிரஷ்ய ஆல்பிரெக்ட் வேறு, இவர் வேறு, இருவரும் ஒரே வம்சம்) மறு ஆண்டே மைன்ஸ் பேராயர் பதவிக்கும் கை நீட்டினார். இரண்டு பதவி வேண்டுமென்றால் ரோமுக்குப் பணம் கட்ட வேண்டும். ஃபுகர் வட்டிக்கடைக் குடும்பத்திடம் கடன் வாங்கினார். கடனை அடைக்கப் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனை. வசூலில் பாதி ரோமுக்கு, பாதி கடனுக்கு! கூவி விற்றவர் டெட்செல். அதைப் பார்த்துக் கொதித்துத்தான் லூத்தர் 1517 அக்டோபர் 31-ல் தன் 95 வாதங்களைப் பேராயர் ஆல்பிரெக்டுக்கே அனுப்பினார். ஆல்பிரெக்ட் ஹாலே நகரத்தில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட புனிதர் எச்சங்களைச் சேர்த்து வைத்திருந்தார். அத்தனையையும் வணங்கினால் உத்தரிக்கும் தலத்தில் சுமார் 3 கோடியே 90 லட்சம் ஆண்டு தண்டனைக் குறைப்பு என்று கணக்குப் போட்டார்கள்!

முப்பதாண்டுப் போரில் மாக்டெபுர்க் பட்ட பாடு சொல்லி முடியாது. 1631 மே 20, ஒரே நாளில் நகரம் சாம்பல். சுமார் 20,000 பேர் மாண்டார்கள். தப்பிப் பிழைத்த நகரப் பொறியாளர்களில் ஒருவர் ஆட்டோ ஃபன் கெரிக்கே. ஆம், இரண்டு அரைக்கோளங்களுக்குள்ளிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, இரு பக்கமும் குதிரைகளைக் கட்டி இழுத்தும் பிரிக்க முடியவில்லை என்று இயற்பியல் பாடத்தில் வருமே, அந்த மனிதர்! உலகமே அவரை விஞ்ஞானியாகத்தான் பார்க்கிறது. அவருக்கு வேலை தூது போவது. எங்கள் நகரத்தைப் பேராயர் நாட்டோடு சேர்க்காதீர்கள், சுதந்திர நகரமாக விடுங்கள் என்று ஊர் ஊராக, மாநாடு மாநாடாகப் போய் வாதாடினார். 1654-ல் ரெகன்ஸ்புர்க் மன்றத்துக்குப் போனதும் அதற்காகத்தான். கூடவே வெற்றிடக் கருவிகளையும் எடுத்துப்போய்ச் செய்து காட்டினார். வாதம் எடுபடவில்லை, சோதனை பேரரசையே அசத்தியது! கருவிகளை விலைக்கு வாங்கியவர் யார் தெரியுமா? மைன்ஸ் பேராயரும் வூர்ட்ஸ்புர்க் ஆயருமான ஷோன்போர்ன். அவர் கொடுத்தனுப்பிய கருவியை வூர்ட்ஸ்புர்க் சேசுசபைக் கல்லூரியில் ஆராய்ந்து ஷாட் என்ற துறவி 1657-ல் நூலில் வெளியிட்ட பிறகுதான், கெரிக்கேயின் வெற்றிடம் ஐரோப்பா முழுக்கப் பேச்சானது.

1648 உடன்படிக்கை மாக்டெபுர்க்குக்கு ஒரு விசித்திரமான விதி எழுதியது. இப்போது நிர்வாகியாக இருக்கும் சாக்சனி இளவரசர் ஆகஸ்ட் உயிரோடிருக்கும் வரை அவரே ஆளட்டும். அவர் இறந்ததும் நாடு டியூக் நாடாகி பிராண்டன்புர்க் அதிபருக்குப் போகட்டும். ஆகஸ்டுக்கு அப்போது வயது 34. மனிதர் சாவேனா என்றார்! 32 ஆண்டு! 1680 ஜூனில்தான் அவர் கண்ணை மூடினார், பிராண்டன்புர்க் பெருமூச்சு விட்டது.

ஆகஸ்ட் இறந்ததும் அவர் மகன் அரசவையை ஹாலேயிலிருந்து வைசென்ஃபெல்ஸுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அரண்மனை மருத்துவர் ஹாண்டல் குடும்பம் ஹாலேயிலேயே தங்கியது. 1685-ல், அதாவது டியூக் நாடாகி ஐந்தாவது ஆண்டில், அங்கே பிறந்த பையன்தான் இசைமேதை ஹாண்டல்! அப்பாவோ பையன் வக்கீலாக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். வைசென்ஃபெல்ஸுக்கு அப்பாவோடு போயிருந்தபோது பையன் ஆர்கன் வாசிப்பதைக் கேட்ட டியூக்தான், இவனுக்கு இசை சொல்லிக்கொடு என்று அப்பாவை வற்புறுத்தினார் என்பார்கள். பிற்காலத்தில் ஹாண்டல் யாரிடம் இசைத் தலைவராக வேலைக்குச் சேர்ந்தார்? ஹனோவரில், நம் கியோர்க் லுட்விக்கிடம்!

அதே ஹாலேயில்தான் தமிழ் எழுத்தும் வார்க்கப்பட்டது! மாக்டெபுர்க் டியூக் நாட்டு ஹாலேயில் ஃபிராங்கே என்ற போதகர் அநாதை இல்லமும் பள்ளிகளும் அச்சகமும் நடத்தினார். அங்கே படித்த சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் கரையிறங்கினார். தமிழில் அச்சடிக்க எழுத்து வேண்டும் என்று ஹாலேக்கு எழுதினார். பேராயர்கள் எச்சங்களைக் குவித்துவைத்த அந்த ஊரில், தமிழ் தெரியாத ஜெர்மன் கைவினைஞர்கள் நம் உயிரெழுத்தையும் மெய்யெழுத்தையும் உலோகத்தில் செதுக்கினார்கள்! 1713-ல் அவை தரங்கம்பாடி வந்தன. எழுத்து ரொம்பப் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால், இங்கேயே சிறிய எழுத்து வார்த்துக்கொண்டார்கள் என்பது தனிக்கதை. 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. சீகன்பால்குவோடு ஐரோப்பா போன தமிழர் மலையப்பன் ஹாலே வீதிகளில் நடந்திருக்கிறார். சீகன்பால்கு லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-ல் ஹாலேயில்தான் அச்சேறியது. நம் ஓலைச்சுவடிகள் இன்னும் அங்கே பத்திரமாக இருக்கின்றன. இன்னொன்று: 1717-ல் சீகன்பால்குவுக்குப் பாராட்டுக் கடிதம் எழுதினார் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜார்ஜ். ஆயரின் மகன், பிரேமெனை விலைக்கு வாங்கியவர், மனைவியைச் சிறைவைத்தவர், அதே ஜார்ஜ்! அவர் கடிதம் தரங்கம்பாடிக்கு!

ஹாலேக்குப் பக்கத்திலேயே மெர்செபுர்க். சாக்சனி அதிபர் தன் இளைய பிள்ளைகள் மூவருக்கும் சொத்துப் பிரித்தபோது, மெர்செபுர்க் ஆயர் நாடு ஒருவருக்கும் நவும்புர்க்-சைட்ஸ் ஆயர் நாடு இன்னொருவருக்கும் போனது. 1657-லிருந்து இரண்டும் டியூக் வம்சங்களின் நாடு. காகிதத்தில் மட்டும் ஆயர் நாடு ஆயர் நாடாகவே இருந்தது, டியூக் அதற்கு நிர்வாகி! மெர்செபுர்க் டியூக்குகளில் ஒருவர் நாட்டை விட்டுவிட்டுப் பிடில் வாசிப்பதிலேயே காலம் கழித்தார். "பிடில் டியூக்" என்றே வரலாறு அவரைக் கூப்பிடுகிறது. சைட்ஸ் டியூக் ஆட்சி 1718-லும் மெர்செபுர்க் டியூக் ஆட்சி 1738-லும் முடிந்தன.

ஆனால் மெர்செபுர்க் பேராலயத்தில் இருப்பவை! 1080-ல் போரில் வெட்டுண்ட எதிர்மன்னர் ருடால்ஃபின் வலது கை, உலர்ந்த நிலையில், இன்னும் அங்கே! மன்னருக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்த கைதான் போயிற்று என்று எதிரிகள் கைகொட்டினார்கள். 1841-ல் பேராலய நூலகத்தில் ஒரு பழைய பூசைப் புத்தகத்தைப் புரட்டிய வரலாற்றறிஞர் வைட்ஸ் கண்டது என்ன? கிறிஸ்தவம் வருவதற்கு முந்தைய ஜெர்மானிய தெய்வங்களை அழைக்கும் இரண்டு மந்திரங்கள்! ஒன்று கைதியின் கட்டை அவிழ்க்க, மற்றது குதிரையின் சுளுக்கை நீக்க. எந்தத் திருச்சபை அந்த தெய்வங்களை ஒழித்ததோ, அதன் ஏட்டுக்குள்ளேயே அவை ஒளிந்திருந்தன. அரண்மனை முற்றத்துக் கூண்டில் உயிருள்ள அண்டங்காக்கையும் உண்டு. ஆயர் டிலோவின் மோதிரத்தைத் திருடியதாக நிரபராதியான ஊழியனின் தலையை வெட்டிவிட்டார்களாம்; பிறகுதான் மோதிரம் காக்கையின் கூட்டில் கிடைத்ததாம். இது பழங்கதை. காக்கை மட்டும் நிஜம்!

முளைத்த மறு ஆண்டே பட்டுப்போன டியூக் நாடும் உண்டு. 1633-ல் ஸ்வீடன், வூர்ட்ஸ்புர்க்கையும் பாம்பெர்க்கையும் சேர்த்து பிராங்கோனியா டியூக் நாடு என்று பெயரிட்டுத் தன் தளபதி வைமார் பெர்ன்ஹார்டுக்குப் பரிசாகக் கொடுத்தது. 1634 செப்டம்பரில் நோர்ட்லிங்கன் போரில் தோல்வி. நாடு போயே போயிற்று! வூர்ட்ஸ்புர்க் ஆயர்களுக்கோ டியூக் பட்டம் புதிதல்ல. 1168-லேயே பேரரசர் பார்பரோசா அவர்களுக்கு டியூக்கின் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டார். பேராலயத்தில் அவர்கள் கல்லறைச் சிலைகளைப் பாருங்கள், ஒரு கையில் ஆயர் தடி, மறு கையில் வாள்! இறந்தபின்னும் அவர்கள் ஓரிடத்தில் இல்லை. உடல் பேராலயத்துக்கு, குடல் மலைக்கோட்டைக் கோயிலுக்கு, இதயம் எப்ராக் மடத்துக்கு!

வடக்கே ஒய்ட்டின் ஊரில் லூபெக் ஆயர்கள். இவர்களுக்கும் பெயரில் இருக்கும் லூபெக் நகரம் சொந்தமில்லை! இங்கே ஆயராக இருந்த அடால்ஃப் ஃபிரடெரிக் 1751-ல் ஸ்வீடன் மன்னரானார். 1771-ல் சிங்கி இறால், கேவியர் எல்லாம் ஒரு பிடி பிடித்து, சூடான பாலில் ஊறிய இனிப்பு ரொட்டியோடு விருந்தை முடித்து, அன்றே உயிரை விட்டார். இவர் ஆயராக இருந்தபோது, 1739-ல், இவர் வீட்டில்தான் தங்கை மகள் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி ஒரு பையனை முதன்முதலில் சந்தித்தாள். அவள் பின்னாளில் ரஷ்யப் பேரரசி மகா கேத்தரின். பையன் அவள் கவிழ்க்கப்போகிற கணவன் பீட்டர்! அடுத்து ஆயரான தம்பி ஃபிரடெரிக் ஆகஸ்ட், 1770-களில் ஓல்டன்புர்க்கின் முதல் டியூக்.

எல்லாவற்றையும் ஒரே வீச்சில் முடித்தது நெப்போலியன் காலம். ரைன் ஆற்றின் மேற்குக் கரையை பிரான்ஸ் விழுங்கிவிட்டது. அங்கே நிலம் இழந்த பிரபுக்களுக்கு நஷ்டஈடு வேண்டும். யார் நிலத்தைக் கொடுப்பது? ஆயர்கள் நிலத்தை! 1803 பிப்ரவரி 25 தீர்மானத்தால் 112 நாடுகள் வரைபடத்திலிருந்து மறைந்தன. மோட்சார்ட் பிறந்த சால்ஸ்புர்க் பேராயர் நாடும் அதில் உண்டு (ஆமாம், மோட்சார்ட் பிறக்கும்போது அது ஆஸ்திரியா இல்லை!). அது டஸ்கனியை இழந்த ஃபெர்டினாண்டுக்குப் போனது. மூன்றே ஆண்டில் அதையும் பிடுங்கி வூர்ட்ஸ்புர்க்கைக் கொடுத்தார்கள், கிராண்ட் டியூக் பட்டத்தோடு. 1814-ல் மறுபடி டஸ்கனி! வேட்டையில் கண்ணிழந்த ஆரன்பெர்க் டியூக்கின் குடும்பத்துக்கு, மூன்ஸ்டர் ஆயர் நாட்டிலிருந்து மெப்பனும் கொலோன் பேராயர் நாட்டிலிருந்து ரெக்லிங்ஹவுசனும் கிடைத்தன. இரண்டும் ஒட்டியே இல்லாத இரண்டு துண்டுகள்! 1811-க்குள் நெப்போலியனே அதையும் விழுங்கிவிட்டார்.

ஃபுல்டா மடாதிபதியின் நாடு பல கை மாறி, கடைசியில் ஹெஸ்ஸே அதிபரிடம் போனது. அவர் தன் பட்டங்களோடு ஃபுல்டா கிராண்ட் டியூக் என்றும் சேர்த்துக்கொண்டார். இவருக்கு அதற்கு முன்பே, 1803-ல், இன்னொரு பட்டமும் வந்திருந்தது: பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குரிமை. தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பம் ஏங்கிய உரிமை! மூன்றே ஆண்டில், 1806-ல், பேரரசே கலைந்துவிட்டது. இடையில் ஒரு தேர்தலும் நடக்கவில்லை. ஆனாலும் அவரும் மகனும் பேரனும் 1866-ல் பிரஷ்யா வந்து நாட்டைப் பறிக்கும்வரை வாக்காளர் பட்டத்தை விடவே இல்லை, ஒரு தடவைகூட ஓட்டுப் போடாமலே!